டென்ஷன் சரியில்லை என்றால் பாபின் திருகில் கை வைக்காதீர்கள்

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பினாங்கில் எம்பிராய்டரி மிஷின் வைத்திருப்பவர்களுக்கு வேலை குவிய ஆரம்பித்துவிடும். தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்களுக்கு டி-சட்டை, காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் துணியில் வேல், ஓம், மயில். புதிதாக மிஷின் வாங்கியவர்களின் கேள்விகளும் அப்போதுதான் வரத் தொடங்கும். "மேலே வெள்ளைப் புள்ளி தெரியுது", "அடியில நூல் கும்பலா சிக்குது", "துணி சுருங்குது." கேள்வியோடு பதிலையும் அவர்களே கொண்டுவருவார்கள்: டென்ஷன் கோளாறு, அதாவது நூலின் இறுக்கம் சரியில்லை. எங்களைப் போன்ற பழையவர்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊசியைத் திருப்பிப் போடுவது, முனை மழுங்கிய ஊசியை மாற்றாமல் ஓட்டுவது, அடி நூல் சுற்றிய சின்ன உருளையான பாபினைத் தலைகீழாக வைப்பது இதெல்லாம் கையேட்டிலேயே படம் போட்டு இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்வது

மேல்பக்கம் அழகாக இருந்தால் டென்ஷன் சரி என்று ஆகிவிடாது. துணியைத் திருப்புங்கள். இடமும் வலமுமாக நெருக்கித் தைத்த சாட்டின் பட்டையின் பின்னால், நடுவில் வெள்ளை அடி நூலும் அதன் இரண்டு ஓரங்களிலும் மேல் நூலின் நிறமும் தெரிய வேண்டும். பட்டையின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை. சாதாரணத் தையல் மிஷினில் பழகிவிட்டு வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். எம்பிராய்டரியில் அப்படி வைத்தால் ஓரங்களில் வெள்ளை எட்டிப்பார்க்கும். மேல் நூல் கொஞ்சம் அடிப்பக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பின்னால் வெள்ளை அகலமாகி முக்கால்வாசிப் பட்டையைப் பிடித்துக்கொண்டால், மேல் நூல் டைட்டாக இருக்கிறது அல்லது அடி நூல் லூஸாக இருக்கிறது. வெள்ளையே தெரியவில்லை என்றால், மேல் நூல் லூஸ் அல்லது அடி நூல் டைட். இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் எதையும் திருப்பக் கூடாது.

அடியில் நூல் கும்பலாகச் சிக்கினால்

அடியில் சிக்குவதால் அடி நூலைச் சந்தேகிப்பார்கள். மேல் நூலைப் பாருங்கள். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவில்லை, அல்லது மேலும் கீழும் ஏறியிறங்கும் கொக்கியிலிருந்து நழுவிவிட்டது. வீட்டு மிஷின்கள் பலவற்றில் துணியை அழுத்தும் ஃபுட் கீழே இருக்கும்போது தட்டுகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் நூல் கோத்தால் அது தட்டுக்கு வெளியிலேயே நிற்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோக்க வேண்டும். கடைகளில் ஓடும் பல ஊசி மிஷினில் நூலை இரண்டு கையாலும் பிடித்து, தட்டுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் இழுத்துவிடுங்கள். கையில் பிடிமானம் தெரிய வேண்டும்.

ஒரு நிறத்தில் கோளாறு வந்தால் பாபின் திருகைத் திருப்புவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு பணமும் நேரமும் விழுங்கும் தவறு இந்தத் தொழிலில் வேறு இல்லை. இன்றைக்கும் யாராவது சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பாபின் உட்காரும் உறையான பாபின் கேஸ் பக்கம் போனால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது.

ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம் ஒரு தம்பி ஆறு ஊசி மிஷின் வைத்து வேலை தொடங்கினார். ஒரு தண்ணீர்ப் பந்தல் குழுவுக்கு 40 டி-சட்டை. மார்பில் வேல், அதைச் சுற்றிச் சிவப்புக் கரை, பக்கத்தில் பச்சை மயிலிறகு. சில சட்டைகள் நன்றாக ஓடின. அப்புறம் சிவப்புக் கரையின் ஓரத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மற்ற நிறங்களில் ஒன்றுமில்லை. அவர் பாபின் கேஸைக் கழற்றித் திருகை அரைச் சுற்று டைட் பண்ணினார். சிவப்பு சரியாகிவிட்டது.

அடுத்த சட்டையில் மஞ்சளும் பச்சையும் கெட்டன. பட்டைகள் மெலிந்து, பின்னால் வெள்ளையே தெரியாமல் போய், சுற்றிலும் சட்டை சுருங்கியது. அடி நூல் இப்போது எல்லா நிறங்களையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதைச் சமாளிக்க அந்த இரண்டு ஊசிகளின் மேல் டென்ஷனை அவர் ஏற்றினார். மேலும் கீழும் இறுகியதால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நடுவில் சிவப்பு நூல் சுற்றிய கோன் தீர்ந்து புதுக் கோன் வைத்தார். உடனே சிவப்பு தளர்ந்து அடியில் வளையம் வளையமாகத் தொங்கியது. சிவப்பு ஊசியின் டென்ஷன் குமிழையும் திருப்பினார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டபோது எந்தக் குமிழ் முதலில் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அக்கா, அடியில லூஸா இருக்குன்னுதான் கொஞ்சம் டைட் பண்ணேன்" என்றார்.

அடியில் லூஸே இல்லை. தீர்ந்துபோன சிவப்புக் கோனின் நூல் நழுவி இறங்கி, கோனின் அடிப்பாகத்தில் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. அதனால் சிவப்பு மட்டும் டைட்டாகி அடி நூலை மேலே இழுத்தது. புதுக் கோன் வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. ஆரம்பத்தில் ஒரு தடவை கோனை நிமிர்ந்து பார்த்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

கெட்டுப்போன சட்டைகளைப் பிரித்துத் தைக்கலாமே என்று கேட்பார்கள். டி-சட்டைத் துணி பின்னல் துணி. சாட்டினைப் பிரித்தால் ஊசித் துளைகள் அப்படியே நிற்கும். பிரிக்கும்போது ஒரு இழை வெட்டுப்பட்டாலும் துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். அந்தச் சட்டைகளை அவர் தன் காசில்தான் புதிதாக வாங்கிக் கொடுத்தார். தைப்பூசத்தைத் தள்ளிப்போடச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாதே.

பல ஊசி மிஷினில் ஒவ்வொரு ஊசிக்கும் தனி டென்ஷன் குமிழ் உண்டு. பாபின் ஒரு தலைக்கு ஒன்றுதான். ஆறு ஊசியோ பதினைந்து ஊசியோ, எல்லாம் அந்த ஒரே அடி நூலோடுதான் பின்னிக்கொள்கின்றன. ஆகவே ஒரு நிறத்தில் மட்டும் கோளாறு என்றால் அந்த நிறத்தின் பாதையில் தேடுங்கள்: கோன், வழிகாட்டி வளையங்கள், தட்டு, ஊசி. எல்லா நிறத்திலும் ஒன்றுபோலக் கோளாறு என்றால் மட்டும் பாபின் பக்கம் போங்கள்.

அப்போதும் முதலில் திருகைத் தொட வேண்டாம். பாபின் கேஸின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. அடி நூலை அழுத்திப் பிடிப்பது அதுதான். நூல் பஞ்சும், துணிக்கு அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தாளின் தூளும் அதற்கடியில் சேரும். கண்ணுக்குத் தெரியாத அளவு சேர்ந்தாலே தகடு தூக்கிக்கொண்டு நூல் தளர்ந்துவிடும். அந்த நிலையில் திருகை இறுக்கினால் அன்றைக்குச் சரியாக ஓடும். மறுநாள் பஞ்சு தானாக உதிர்ந்ததும் அடி நூல் மிதமிஞ்சி இறுகி, துணி சுருங்கும், நூல் அறும். காரணம் புரியாமல் மறுபடி திருப்புவார்கள். ஒரு பெயர் அட்டையின் மூலையைத் தகட்டுக்கு அடியில் நுழைத்து, நூல் வெளியே வரும் பக்கமாக இழுத்தால் பஞ்சு வந்துவிடும். பாபின் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். சில நொடி வேலைதான்.

சுத்தம் செய்தபிறகு நூலைப் பிடித்து கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் லூஸ். கையை லேசாக உதறும்போது சில சென்டிமீட்டர் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையவில்லை என்றால் டைட். இது கண் மதிப்புதான். தொழிலாகச் செய்கிறவர்கள் டோவா அளவுகருவி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. பாபின் கேஸை அதில் மாட்டி நூலை இழுத்தால் கிராம் கணக்கில் காட்டும். கடை மிஷின்களில் அடி நூலுக்குப் பொதுவாக 18 முதல் 22 கிராம் வைப்பார்கள். மேல் நூலுக்கு 40-ஆம் எண் பாலியஸ்டர் (எண் கூடக் கூட நூல் மெலியும்) என்றால் 100 முதல் 130 கிராம் வரை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அடியில் 5 கிராம் மாறினாலே எல்லா ஊசியும் நிலை மாறிவிடும்.

அளவு உண்மையிலேயே மாறியிருந்தால் அப்போது திருப்பலாம். கேஸில் இரண்டு திருகு இருக்கும், பெரியதுதான் டென்ஷனுக்கு. சின்னது தகட்டைப் பிடித்திருப்பது, அதைத் தொடாதீர்கள். ஒரு தடவைக்குக் கடிகார முள் 5 நிமிடம் நகரும் அளவுதான். அந்தத் தம்பி திருப்பிய அரைச் சுற்று இதைப் போல ஆறு மடங்கு. சரியானதும் திருகின் மேலும் கேஸின் மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பிறகு யார் திருப்பினாலும் தெரிந்துவிடும். சில வீட்டு மிஷின்களில் தொழிற்சாலையிலேயே திருகின் மேல் நிறப் பசை வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கேஸை அப்படியே விட்டுவிட்டு, கனமான நூலுக்கென்று இன்னொரு கேஸ் வாங்கி அதில் திருப்பிக்கொள்ளுங்கள்.

மிஷினை இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துப் போகிறவர்களில் சிலர் "பிரச்சினை வந்தால் அடியில் கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

எல்லாம் கலைந்துபோன மிஷினை மீட்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் அடி நூலை அளவுகருவியில் வைத்து நிலைநிறுத்துங்கள். அப்புறம் அதை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நேர்ப் பட்டையும், பக்கத்தில் ஒரு வட்டமும் தைக்கிற மாதிரி ஒரு சோதனை டிசைன் வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் எதற்கு என்றால், துணியை மாட்டியிருக்கும் ஃபிரேம் நகரும் திசையைப் பொறுத்து நூலின் இழுப்பு மாறும். வட்டத்தில் எல்லாத் திசையும் வந்துவிடும். தைத்ததைத் திருப்பி வைத்து, மூன்றில் ஒரு பங்கு வெள்ளை வரும்வரை மேல் குமிழை மட்டும் ஊசி ஊசியாகத் திருத்துங்கள். அந்தத் தம்பியின் மிஷினை அன்றிரவு இப்படித்தான் சரிசெய்தோம். அந்தச் சோதனைத் துணியில் தேதி எழுதி மிஷின் பக்கத்திலேயே மாட்டி வைக்கச் சொன்னேன்.

இரண்டை ஒரே நேரத்தில் திருப்புவது

ஒன்றைத் திருப்புங்கள். தையுங்கள். பார்த்துவிட்டு அடுத்தது.

குமிழின் எண்ணை நம்புவது

உங்கள் தோழியின் மிஷினில் 4 என்பது உங்கள் மிஷினில் 4 ஆகாது.

துணி சுருங்கினால் உடனே டென்ஷனைக் குறைப்பது

சுருக்கத்துக்குப் பாதிக் காரணம் ஃபிரேம்தான். துணியை ஃபிரேமில் மாட்டியபிறகு நான்கு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். கழற்றியதும் துணி பழைய நிலைக்குச் சுருங்கும், தையல் சுருங்காது. டி-சட்டைக்குக் கிழித்தெடுக்கிற ஸ்டெபிலைசர் போதாது. வெட்டியெடுக்கிற வகையை வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் டென்ஷனைக் குறைத்துக்கொண்டே போனால் சுருக்கம் அப்படியே இருக்கும், தையலும் தளர்ந்துபோகும்.

ரேயான் கோனை ஐந்தடி ஓரத்தில் வைப்பது

நம் பழைய கடைவீடுகளில் மிஷினை வெளிச்சத்துக்காக முன்பக்கம் வைத்து, கோன்களை ஐந்தடி (கடைக்கு முன்னால் உள்ள திறந்த நடைபாதை) ஓரத்து அலமாரியில் அடுக்குவார்கள். பாலியஸ்டர் தாங்கும்; அது காற்றின் ஈரத்தைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை, சாதாரணமாக 0.4 சதவீதம்தான். ரேயான் 11 சதவீதத்துக்கு மேல் இழுக்கும். ஈரமானால் அதன் பலமும் நன்றாகக் குறையும். மழைக்காலத்தில் நேற்று ஓடிய ரேயான் இன்று அறுந்தால் குமிழைத் தொடாமல் மூடிய டப்பாவிலிருந்து வேறு கோனை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஜரிகை நூலைச் சாதாரண நூல் மாதிரி ஓட்டுவது

தீபாவளி ரவிக்கை ஆர்டர்களில் இது வரும். ஜரிகை நூலில் உள் இழையின் மேல் மெல்லிய பளபளப்புத் தகடு சுற்றியிருக்கும். ஊசிக்கண் சின்னதாக இருந்தால் அந்தத் தகடு உரிந்து நூல் அறும். 90/14 ஊசி போடுங்கள், மேல் டென்ஷனைக் குறையுங்கள், வேகத்தை நிமிடத்துக்கு 500, 600 தையலுக்கு இறக்குங்கள். கோனை மிஷினிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் நூலின் முறுக்கு வழியிலேயே தளர்ந்துவிடும். இவ்வளவு செய்தும் அறுந்தால் டிசைனில் தையல் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். அது கணினியில் செய்கிற வேலை.

பள்ளிப் பெயர்ப்பட்டைக்கு 40-ஆம் எண் நூல்

5 மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து என்றால் 60-ஆம் எண் நூலும் 65/9 ஊசியும். அந்த ஊசிக்கு மேல் டென்ஷனைத் தனியாக, கொஞ்சம் குறைவாக வையுங்கள். அந்த ஊசியைப் பெயர்ப்பட்டைக்கென்றே ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருக்காது.