ஈரத்துக்கு வழி விடுங்கள்: கொங்குநாட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபோகிறவர்களுக்கு

அக்கா மகள் அடுத்த வாரம் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறாள். கோபிசெட்டிபாளையத்தில் அக்கா வீட்டு ஆசாரம் (முன்கூடம்) முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. கடலை உருண்டை, கொள்ளுப்பொடி, வீட்டில் அரைத்த மஞ்சள்தூள், இரண்டு குக்கர். 2021 அக்டோபரில் எனக்கும் இப்படித்தான் பெட்டி கட்டினார்கள். அங்கே என்ன சாப்பிடுவாய் என்று ஊரே கவலைப்பட்டது. வீட்டை எப்படி வைத்துக்கொள்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம்கூட வந்திருக்கும். அம்மாவிடம் பழகியவள், வீடு வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று. அந்த எண்ணம் எங்களுக்கு 640 பவுண்டு செலவு வைத்தது. அதைவிடப் பெரிய ஒன்றையும் எடுத்துக்கொண்டது. ஆகவே இதை அவளுக்காகவும், அவளைப் போல ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கமிருந்து கிளம்புகிற பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

அலுவலக வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். விசா இப்போது இணையக் கணக்கில்தான் இருக்கிறது. கிளம்பும் முன்பே அந்தக் கணக்கைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள். வீடு வாடகைக்கு எடுக்கும்போது அதிலிருந்து ஒரு குறியீட்டு எண் எடுத்துக் கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வாரமே பக்கத்து மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். காய்ச்சல் வந்தபிறகு ஓடாதீர்கள். நகராட்சி வரி வாடகைக்கு மேல் தனி. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது கிடையாது, ஆனால் நாமே எழுதிக் கேட்க வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெயையும் நெய்யையும் பெட்டியில் வைக்காதீர்கள். இங்கிருந்து பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை. இவற்றையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டு ஒழுங்கு எதன்மேல் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் வாசல் தெளிக்கிறோம். பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) பாத்திரம் கழுவுகிறோம். எட்டு மணிக்குக் கொடியில் போட்ட துணி பத்தரைக்கெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. பாயும் தலையணையும் வெயிலுக்குப் போகின்றன. வெள்ளிக்கிழமை வீட்டை வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிச் சீமாற்றால் தள்ளினால் எல்லாம் சலதாரை வழியே போய்விடும். அப்பாரு காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டில் நடுவே வானம் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒருபக்கம், மழை குறைந்த வெயில் ஒருபக்கம். நாம் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஊற்றுவது நம் வேலை, காயவைப்பது வெயிலின் வேலை.

லெஸ்டரில் நாங்கள் எடுத்தது மாடியில் இருந்த இரண்டு அறை வீடு. போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, குளியலறையை நம் வழக்கப்படி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அங்கே தரையில் சலதாரைத் துளையே கிடையாது. தண்ணீர் போகும் வழி தொட்டிக்கும் முகம் கழுவும் பேசினுக்கும் உள்ளே மட்டும்தான். நான் ஊற்றியது சுவரோரம் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் விளக்கைச் சுற்றிச் சொட்டியது. கீழே இருந்த முதிய பெண்மணி மேலே வந்து, கோபப்படாமல், என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பிள்ளைகளே, அங்கே குளியலறைத் தரை நம் ஆசாரத் தரை மாதிரி. பிழிந்த துணியால் துடைக்க மட்டும்தான். குளித்து வெளியே கால் வைக்குமுன் மிதியடி கீழே இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அன்றைக்கே முடிந்தது. எங்களைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்.

2022 குளிர்காலத்தில் அங்கே எரிவாயு விலையும் மின்சார விலையும் மிகவும் ஏறியிருந்தன. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். லெஸ்டரில் எல்லோரும் பேசியது கட்டணத்தைப் பற்றித்தான். சிக்கனம் நம் ரத்தத்தில் ஊறியது. நானும் என் கணவரும் சூடேற்றியை முழுக்க நிறுத்திவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டோம். குளிர் உள்ளே வராமல் இருக்கச் சன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தினோம். சன்னல் மேல்விளிம்பில் இருந்த சிறு காற்றுத் துளைகளைக்கூட டேப் வைத்து ஒட்டினேன். துணியை எல்லா அறை ரேடியேட்டர்மேலும் விரித்தேன். சாயங்காலம் அரிசிம்பருப்பு குக்கரில் விசில் அடிக்கும், ரசம் கொதிக்கும், சமையலறை விசிறி இரைகிறது என்று அதையும் போடமாட்டேன். காலையில் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். பனி என்று நினைத்தேன். அது எங்கள் துணியும் எங்கள் சோறும் எங்கள் மூச்சும்.

ஒரு ஈடு துணி வீட்டுக்குள் காய்ந்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அந்தக் காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் எந்தச் சுவர் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்ப் படிகிறது. வெளிச்சுவரின் மூலை, பீரோவின் முதுகு, கட்டிலுக்கு அடி. அங்கே பூஞ்சணம் பிடிக்கிறது. இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்ட வீட்டில் பிறந்தவள் நான். உள்ளீரம் இருக்கிற மஞ்சளை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். வியாபாரி முதலில் ஈரப்பதத்தைத்தான் பார்ப்பார். அந்த அறிவை மஞ்சளுக்கு வைத்துக்கொண்டேன், வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பிப்ரவரியில் மகனுக்கு இருமல் நிற்கவில்லை. ஒருநாள் அவன் பந்து பீரோவுக்குப் பின்னால் உருண்டுபோக, பீரோவை இழுத்தேன். சுவர் முழுக்கக் கறுப்பு. கீழே, அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பவானி ஜமக்காளம் சுருட்டி நிறுத்தியிருந்தது. சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் போட்ட கனமான தறி ஜமக்காளம். விரித்தேன். உள்வரை புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. நான்கு முறை துவைத்தேன். கறையும் போகவில்லை, வாடையும் போகவில்லை. அதன்மேல்தான் எனக்கு வளைகாப்பு நடந்தது. குப்பை வண்டி வரும் நாளில் அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த மாலையில் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். சொல்ல வாய் வரவில்லை.

பூஞ்சணத்தை அழுக்கு என்று மட்டும் நினைக்காதீர்கள். ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டில் நெடுங்காலம் இருந்த பூஞ்சணத்தால் வந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022இல் விசாரணை முடிவாகச் சொன்னார்கள். அக்குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபரில் முதலில் சமூக வாடகை வீடுகளில் (நகராட்சி போன்ற பொது அமைப்புகள் வாடகைக்கு விடும் வீடுகளில்) நடைமுறையானது. நம் ஆட்கள் பெரும்பாலும் தனியார் வாடகை வீட்டில்தான் இருப்போம். பெற்றோரும் குழந்தையும் ஒரே அறையில் படுப்போம், மூன்று வேளையும் கொதிக்கவைத்துச் சமைப்போம். ஈரம் நம் வீட்டில்தான் அதிகம் சேரும்.

பணத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் வீட்டைக் காலி செய்தோம். இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். எங்களுடையது 1,096 பவுண்டு. காலி செய்த மறுவாரம் முகவரிடமிருந்து கடிதம் வந்தது: சுவருக்கு வண்ணம் அடிக்க, குளியலறை ஓரப்பசையை மாற்ற, தரைவிரிப்பைச் சுத்தம் செய்ய என்று 640 பவுண்டு பிடித்தம். குளியலறை ஓரத்தில் கறுப்பு நாங்கள் போன முதல் நாளே இருந்தது! நான்தான் முந்தைய ஆட்களின் அழுக்கு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்த்து விட்டேன். படம் எடுக்கவில்லை. குடிபோன வாரத்தில் வீட்டு நிலவரப் பட்டியல் என்று முப்பது பக்கம் அனுப்பினார்கள், ஏழு நாளுக்குள் திருத்தம் இருந்தால் சொல்லச் சொல்லி. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஊரில் அட்வான்ஸ் கொடுத்தால் வீட்டுக்காரர் முகம் பார்த்துப் பேசி வாங்கிக்கொள்வோமே, அந்தப் பழக்கம். அங்கே முகம் கிடையாது, காகிதம்தான். பட்டியலில் குளியலறை 'நல்ல நிலை' என்று இருந்தது, அதன்கீழ் என் கையெழுத்து.

அந்தப் பிடித்தத்தை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது. முன்பணத்தை வாங்கிய 30 நாளுக்குள் வீட்டு உரிமையாளர் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். அப்படி மூன்று திட்டங்கள் இருக்கின்றன. பிடித்தத்தில் தகராறு வந்தால் அவர்களே கட்டணமில்லாமல் தீர்த்துவைக்கிறார்கள். பணம் குடியிருப்பவருடையது, பிடிக்கக் காரணம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது உரிமையாளர். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இதை ஒரு பெண் எனக்குச் சொன்னபோது ஐந்தாவது மாதம்.

சாவி கைக்கு வந்த அன்று, பெட்டியைப் பிரிக்கும் முன் வீடு முழுவதையும் படம் எடுங்கள். பீரோவின் பின்புறம், சன்னல் ஓரம், குளியலறைப் பசை, சமையல் மேடை எல்லாம். பட்டியலோடு ஒப்பிட்டு, வேறுபட்டதை அந்த ஏழு நாளுக்குள் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பிறகு எப்போதாவது ஈரப்புள்ளி தெரிந்தாலும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது சொல்லாததற்குச் சமம்.

இரண்டாவது வீட்டில் நான் ஒரு நடைமுறை வைத்திருக்கிறேன். மூன்று குளிர்காலம் கழிந்துவிட்டது, சுவரில் ஒரு புள்ளி இல்லை. அம்மா வாசல் தெளிக்கும் நேரத்துக்குத்தான் நான் எழுகிறேன். முதல் வேலை சன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துணியைப் பேசினில் பிழிவது. பிறகு எதிரெதிர்ச் சன்னல் இரண்டையும் பத்து நிமிடம் திறந்துவைக்கிறேன். குளிர் உள்ளே வரத்தான் செய்யும், வரட்டும். சுவர் ஆறாது, காற்றுதான் மாறும். குளித்தபின் குளியலறைக் கதவைச் சாத்தி, விசிறியை இருபது நிமிடம் ஓடவிடுகிறேன். சமைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி, சமையலறைக் கதவு சாத்தி, விசிறி. சூடேற்றியை முழுக்க நிறுத்துவதில்லை. குறைவாக வைத்து ஒரே சீராக ஓடவிடுகிறேன்.

துணிக்கு இரண்டே நாள்: புதனும் சனியும். இயந்திரத்தில் பிழியும் சுற்றை இன்னொரு முறை ஓட்டினால் இன்னும் கொஞ்சம் ஈரம் அங்கேயே போய்விடும். ஒரே ஓர் அறையில் காயப்போட்டு, கதவைச் சாத்தி, அந்த அறைச் சன்னலை விரலளவு திறந்துவைக்க வேண்டும். பீரோவுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம். பத்துப் பவுண்டுக்கு ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கிடைக்கிறது. நாற்பது சதவீதத்துக்கும் அறுபது சதவீதத்துக்கும் நடுவே நின்றால் நல்லது. மகன்தான் தினமும் பள்ளிக்குப் போகுமுன் பார்த்துச் சொல்கிறான். அவன் இருமல் நின்று இரண்டு வருடம் ஆகிறது.

மற்ற ஒழுங்கெல்லாம் இதன்பின்னால் தானாக வந்தது. புளியம்பட்டிக்கு வியாழன் சந்தை மாதிரி, எங்கள் வீட்டுக்கு ஞாயிறு சந்தை. காய் வாங்கி வந்த அன்றே பயறும் கொள்ளும் ஊறப்போட்டு, வேகவைத்துப் பங்கிட்டு உறையவைத்துவிடுவேன். வாரநாள் மாலையில் கொதிக்கும் பாத்திரம் குறைகிறது. குப்பைத் தொட்டிகளில் எது எந்த நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். கடிதம் வந்தால் அன்றே திறந்து ஒரே கோப்பில் போடுங்கள்.

நேற்று அக்கா மகளின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தடித்த பூத்துவாலை நான்கு வைத்திருந்தாள். அவற்றை எடுத்துவிட்டு, சென்னிமலையில் வாங்கிய மெல்லிய துண்டு ஆறு வைத்தேன். உடம்பு துவட்ட நான்கு. ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சன்னல் துடைக்க இரண்டு. "பாட்டி எனக்கும் ஒரு ஜமக்காளம் எடுத்து வைத்திருக்கிறார்கள் சித்தி, அதைக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டாள். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அது இங்கேயே பீரோவில் இருக்கட்டும் கண்ணு என்றேன். ஏன் என்று அம்மா கேட்டார். அப்போதுதான் சொன்னேன்.