பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா? மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் நாலு கோடு விழுந்தால் போதும், ‘கிராபிக்ஸ் கார்டு போச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். கீழக்கரையிலும் அதே பேச்சு, ராமேஸ்வரத்திலும் அதே பேச்சு. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர், வீட்டு பிளான் போடும் இன்ஜினியர் என்று பத்து வருடப் பழைய லேப்டாப்பை விடாமல் வேலை வாங்குபவர்கள் இந்தக் கரையோரம் நிறையப் பேர். அவர்களுக்குக் கார்டு மாற்றுவது சின்னச் செலவு இல்லை. கார்டுதான் போனதா என்று தெரியாமலே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதுதான் இதில் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கார்டுதானா என்று பாருங்கள்

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, “தம்பி, கார்டு போயிருச்சாம், ஒண்ணு வாங்கிப் போட்டுரு” என்றார்.

“டிவியில மாட்டிப் பாத்தீங்களா காக்கா?” என்று கேட்டேன். இந்தப் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

மாட்டவில்லை. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் டிவியில் படம் பளிச்சென்று வந்தது. லேப்டாப் திரையில் மட்டும்தான் கோடு. திரைக்குப் போகும் கேபிளைக் கழற்றினால், கனெக்டரின் பின் முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது. மென்மையான பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டியதும் கோடு போய்விட்டது.

அந்தப் பச்சைப் பொடி செம்பு அரித்து வருவது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமும் காற்றில் உப்பு ஏறிவிடும். லேப்டாப் ஃபேன் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. படிந்த உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் கரன்ட்டும் சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். பாம்பன் ரயில் பாலத்தையே ஓயாமல் பெயிண்ட் அடித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால், முடி அளவு பின்கள் என்ன செய்யும்? அதனால் இந்தப் பக்கத்து மெஷினில் முதல் சந்தேகம் கனெக்டர்கள் மேல்தான் போக வேண்டும்.

டிவி சோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2010-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் பிராசசருக்குள் ஒரு கிராபிக்ஸும் தனியாக ஒன்றும் இருக்கும். சில மாடல்களில் சொந்தத் திரை பிராசசர் கிராபிக்ஸிலும், எச்டிஎம்ஐ தனிக் கார்டிலும் இணைந்திருக்கும். அங்கே டிவியில் மட்டும் படம் கெட்டால், திரை நன்றாக இருந்தாலும் கார்டைச் சந்தேகிக்கலாம். ஆகவே டிவியை மட்டும் நம்பாமல் இன்னும் சிலவற்றைப் பாருங்கள்.

மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து வந்து போனால் அது கேபிள். திரை முழுக்க இருட்டாக இருந்து, டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிந்தால் கோளாறு திரைக்கு ஒளி தரும் பேக்லைட்டில். ஆன் செய்ததுமே, விண்டோஸ் வருவதற்கு முன் கம்பெனி லோகோவிலும் பயாஸ் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) திரையிலும் புள்ளியும் கட்டமும் சிதறி, வெளி மானிட்டரிலும் அதே சிதறல் இருந்தால் கார்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது. லோகோ சுத்தமாக வந்து விண்டோஸில் மட்டும் கெட்டால் டிரைவரைப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் ‘Code 43’ என்ற பிழைச் செய்தி வந்தால் உடனே பதற வேண்டாம், டிரைவர் கோளாறுக்கும் அது வரும். படமே வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால், ரேமைக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கழற்றக் கார்டு இருக்கிறதா?

தமிழக அரசு 2011-லிருந்து பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை போன்ற சாதாரண மெஷின்களில் கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கார்டு கிடையாது. அதற்குக் கார்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், “எது கார்டு, காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தனி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களிலும் பெரும்பாலானவற்றில் அந்த சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றி மாட்டும் கார்டு என்பது எம்எக்ஸ்எம் (MXM) எனப்படும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் உள்ள சில மாடல்களில்தான்: டெல் பிரிசிஷன் எம்4700, எம்4800, எச்பி எலைட்புக் 8560டபிள்யூ, 8570டபிள்யூ, இசட்புக் 15 போன்றவை. மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல்லும் எச்பியும் அதை இலவசமாகவே வைத்திருக்கின்றன. அதில் கிராபிக்ஸ் கார்டு தனி உதிரியாக இல்லையென்றால் உங்கள் மெஷினிலும் இல்லை.

சூடு வைத்தியம்

போர்டில் பற்றவைத்த சிப் போனால் அடுத்த தவறு காத்திருக்கிறது. ஹீட் கன் பிடிப்பது, ஓவனில் வைப்பது, துண்டைச் சுற்றி ஓடவிட்டு மெஷினையே வேகவைப்பது. யூடியூபில் இதற்குக் குறைவே இல்லை. படம் திரும்ப வருவதும் உண்மை, அதனால்தான் ஏமாறுகிறோம்.

2007, 2008 வாக்கில் வந்த என்விடியா லேப்டாப் சிப்களில் இந்தப் பழுது ஊரறிந்த ஒன்று. 2008 ஜூலையில் அந்த நிறுவனமே இதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பின் சிலிக்கான் துண்டுக்கும் அது உட்காரும் அடித்தட்டுக்கும் நடுவே மிக நுண்ணிய ஈய மொட்டுகள் இருக்கும். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி அவற்றில் விரிசல் விடும். வெளியிலிருந்து சூடு காட்டினால் விரிசல் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பழைய கதை. ஆப்பிள் 2011-ல் விற்ற 15, 17 அங்குல மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி சிப் பழுதாகி, 2015-ல் இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டிவந்தது.

கடைக்காரர் ‘ரீபால் பண்ணிடலாம்’ என்றால் இதை மனதில் வைத்துக் கேளுங்கள். ரீபால் என்பது சிப்புக்கும் மதர்போர்டுக்கும் இடையில் உள்ள ஈய உருண்டைகளை மாற்றுவது. விரிசல் சிப்புக்கு உள்ளேயே இருந்தால் அந்த வேலையால் பலன் இல்லை. “பழைய சிப்பையே திரும்ப ஒட்டுறீங்களா, வேற சிப் போடுறீங்களா?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பழைய சிப்பையே என்றால், அந்தக் காசில் மெஷின் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து.

அதற்கு முன்னால் காசே செலவாகாத வழி ஒன்று உண்டு. பயாஸில் ஸ்விட்சபிள் கிராபிக்ஸ் என்றோ ஆப்டிமஸ் என்றோ இருந்தால், தனிக் கார்டை நிறுத்திவிட்டு பிராசசர் கிராபிக்ஸில் ஓட்ட முடிகிறதா பாருங்கள். பயாஸில் வழி இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் முடக்கிப் பாருங்கள். கணக்கு எழுத, பில் போட, படம் பார்க்க அது தாராளம். வீடியோ எடிட்டிங் மெதுவாகும், அவ்வளவுதான்.

எம்எக்ஸ்எம் கார்டு வாங்கும்போது

ஸ்லாட்டில் பொருந்துவதெல்லாம் ஓடாது. எம்எக்ஸ்எம் 3.0-ல் ஏ வகை 82க்கு 70 மி.மீ., பி வகை 82க்கு 105 மி.மீ. அளவு சரியாக இருந்தாலும் லேப்டாப்பின் பயாஸ் கார்டை ஏற்க வேண்டும். டெல்லுக்கென்று வந்த கார்டை எச்பியில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம், ஃபேன் கட்டுப்பாடு இல்லாமல் ஓடலாம். சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்க்கின் துளைகளும் மேடுபள்ளங்களும் கார்டுக்குக் கார்டு மாறும். பெரிய கார்டுக்கு ஆசைப்படாமல் அந்த மாடலில் கம்பெனியே போட்டு விற்ற கார்டையே தேடுங்கள்: எம்4800-க்கு குவாட்ரோ கே1100எம் அல்லது கே2100எம், எலைட்புக் 8570டபிள்யூவுக்கு கே1000எம் அல்லது கே2000எம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை அனேகமாகக் கழற்றிய கார்டுகள்தான். எந்த லேப்டாப்பிலிருந்து கழற்றியது என்பதைக் கேட்டு, கார்டின் இரண்டு பக்கமும் போட்டோ வாங்கிப் பாருங்கள். சிப்பைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை தெரிந்தால் யாரோ ஏற்கெனவே சூடு வைத்தியம் பார்த்திருக்கலாம். வேண்டாம்.

அடாப்டரையும் கவனியுங்கள். எம்4800-க்கு 180 வாட் அடாப்டர். கிடைத்தது என்று 90 வாட்டை மாட்டிவிட்டு ‘புதுக் கார்டும் மந்தமா இருக்கு’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

மாட்டும்போது

மெஷினை அணைத்து, அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்து, யூஎஸ்பி கேஸில் போட்டு, கல்யாண ஆல்பங்களை முதலில் காப்பி எடுங்கள். அப்புறம் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரன்ட்டை இறக்குங்கள். கனெக்டர்களை ஹேண்ட் சானிடைசரால் துடைக்காதீர்கள், அதில் தண்ணீரும் பசையும் இருக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல்தான் சரி.

கார்டு போட்டும் ஒரு வாரத்தில் திரும்பி வருகிற மெஷினைத் திறந்தால் அநேகமாகத் தெரிவது தெர்மல் பேட் கோளாறு. நடுவில் உள்ள சிப்புக்குத்தான் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட். சுற்றியுள்ள மெமரி சிப்களுக்கு மெத்தென்ற பேட். பழைய பேட் பிய்ந்துவிட்டது என்று மெமரி மேலும் பேஸ்ட்டைத் தடவினால் இடைவெளி நிரம்பாது, மெமரி வெந்துபோகும். பழையதைவிடத் தடித்த பேட் வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நடு சிப்பைத் தொடவே தொடாது. பழைய பேட்டின் தடிமனை அளந்து, அதே அளவில் வாங்குங்கள். ஸ்க்ரூக்களை ஹீட்சிங்க்கில் பொறித்துள்ள எண் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுக்க முறுக்கினால் சிப்பின் ஓரம் உடையும்.

கீழ் மூடியை முழுசாகப் பூட்டும் முன் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். முதல் தடவை படம் வரக் கொஞ்சம் தாமதமாகலாம், பதறிப்போய் பட்டனை அழுத்தாதீர்கள். டிரைவரை லேப்டாப் கம்பெனியின் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். கார்டின் வெப்பத்தைக் காட்டும் ஜிபியு-இசட் போன்ற மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் ஓட்டுங்கள். வெப்பம் ஒரே நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. அணைத்துவிட்டு பேட்டிலிருந்து மறுபடி பாருங்கள். நிதானமாக ஏறி எழுபது எண்பதுக்குள் நின்றால் மூடியைப் பூட்டிவிடலாம்.