கிருமிப் பரவல் காலத்தில் வீட்டில் எவ்வளவு அரிசி வைக்கலாம்?

2020 பிப்ரவரி 7ஆம் தேதி சிங்கப்பூரில் டோர்ஸ்கான் எனும் நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்ததும் பேரங்காடி அலமாரிகள் காலியாயின. எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததுதான் காரணம். அப்படி நெருக்கியடித்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

நால்வருக்கு, ஆளுக்குத் தினம் 180 கிராம் வீதம், 14 நாளுக்கு 10 கிலோ அரிசி போதும். பருப்பு 3 கிலோ. அதற்குமேல் வாங்கினால் இங்குள்ள புழுக்கத்தில் வண்டுக்குத்தான் தீனி. அரிசியை 2 கிலோ பொட்டலங்களாக இறுகக் கட்டி 4 நாள் ஃப்ரீசரில் வையுங்கள், வண்டின் முட்டைகள் சாகும். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள்: குளிர்ந்த அரிசியில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். குளிர் விட்டபின் காற்றுப்புகாத டப்பாவில் கொட்டுங்கள். ஆட்டா மாவு சீக்கிரம் கெடும். 2 கிலோ தாண்டவே வேண்டாம்.

கீரை, மீனுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு ஒருவர் மட்டும், வார நாளில், முகக்கவசத்தோடு. காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் சாமான்களை வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும்.