கருப்பட்டிப் பாகு காய்ச்சி வைப்பது எப்படி?

சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறியவர்களில் பலர் சில நாளிலேயே பழையபடி சீனி டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். ருசி பிடிக்காமல் அல்ல. டம்ளர் அடியில் மண் தங்குகிறது, பால் திரிகிறது, காலை அவசரத்தில் உட்கார்ந்து இடிக்க ஆளில்லை. மூன்றுக்கும் ஒரே வழி, பாகாகக் காய்ச்சிப் பாட்டிலில் வைத்துக்கொள்வதுதான்.

வாங்கும்போது

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனையில் பதநீர் இறங்குவது ஏறக்குறைய மாசி முதல் ஆனி வரை. புதுக் கருப்பட்டி அப்போது கிடைக்கும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். சீனி கலந்தது பெரும்பாலும் கல்லாக இறுகி, உடைந்த இடத்தில் மினுமினுக்கும். கலப்பில்லாதது மங்கிய கரும்பழுப்பு. நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான கரிப்பும் தெரியும். இதை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. தெரிந்த இடத்தில் வாங்குவதே நல்லது.

காய்ச்சும் முறை

கருப்பட்டி 500 கிராம், தண்ணீர் 250 மி.லி. வாயகன்ற பாத்திரம் வேண்டும். பாகு நுரைத்துப் பொங்கும்.

1. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கரைய விடுங்கள். 10 நிமிடம் போதும். தீயைக் கூட்டினால் அடியில் பிடித்துக் கசந்துவிடும்.

2. மெல்லிய வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சூட்டோடு வடிகட்டுங்கள். டீ வடிகட்டி இதற்குப் பற்றாது.

3. ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இதுதான். பதநீர் புளித்துக் கள்ளாகாமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அதன் மிச்சமும் நுண்மணலும் துணிக்குத் தப்பி வந்து அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு, வண்டலைக் கொட்டிவிடுங்கள்.

4. தெளிவைத் திரும்பவும் 5 முதல் 7 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு சொட்டை ஆறவைத்து விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும். கம்பி இழுக்கக் கூடாது. கம்பிப் பதம் வந்தால் மறுநாள் பாட்டில் அடியில் கற்கண்டாக உறையும். அப்படி ஆனால் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்குங்கள், சரியாகிவிடும்.

நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். சுமார் 450 மி.லி. கிடைக்கும்.

பயன்படுத்தும்போது

ஒரு டீஸ்பூன் சீனிக்கு ஒரு டீஸ்பூன் பாகு. பாலை இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறிய பின் கலக்குங்கள். நாள்பட்ட கருப்பட்டியில் புளிப்பு ஏறியிருக்கும். அது கொதிக்கிற பாலோடு சேர்ந்தால் திரிந்துவிடும். கேக்குக்கு 100 கிராம் சீனி என்றால் 90 மி.லி. பாகு ஊற்றி, மற்ற பால் அல்லது தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள். சுக்குக் காபிக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை.

அளவு மட்டும் மறக்க வேண்டாம். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். இரும்பு, பொட்டாசியம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஒரு டீஸ்பூன் பாகில் ஐந்தரை கிராம் கருப்பட்டி இருக்கிறது. சேர்க்கும் இனிப்பு, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது சீனிக்கு மாற்று ஆகாது. கருப்பட்டியில் கிண்டியது என்பதற்காகக் கீழக்கரைத் தொதல் அல்வாவைப் பத்தியச் சாப்பாட்டில் சேர்க்க முடியுமா என்ன?

கெடாமலிருக்க

ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக் கருப்பட்டி கசியும். கோடையில் ஓலைக்கொட்டானே போதும். மழைக்காலத்தில் இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றுங்கள். பாகில் ஈரக் கரண்டி படவே கூடாது. மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ஸென்று காற்று வந்தாலோ, கள் வாடை அடித்தாலோ புளித்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி காய்ச்சிப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.