இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாள்: 112 அடி மனுவோடு நடத்துவது எப்படி

ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அந்த நாளில் படத்துக்கு மாலை போட்டு, நாலு பேர் பேசிக் கலைவதுதான் பல ஊர்களில் வழக்கம். மனு எழுதியும் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தும் உரிமைக்குப் போராடியவருக்கு அது போதாது. அவர் செய்த வேலையையே ஊர் மக்கள் தங்கள் கையால் ஒருமுறை செய்வதுதான் அவருக்கு உரிய மரியாதை.

எடுத்துக்கொள்ள வேண்டியது 1893-ஆம் ஆண்டு மனு. அவர் நடத்திய பறையர் மகாஜன சபை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது அது. நீளம் 112 அடி, கையெழுத்து 3,412. ஆங்கிலேய ஆட்சியின் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தக் கூடாது என்று சபை எழுதியது. கூட்டத்தில் இதைச் சொன்னதும் "அப்போ வெள்ளைக்காரனுக்கு ஆதரவா?" என்று யாராவது கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்: அன்று படிப்பும் பதவியும் ஆதிக்கச் சாதியாரிடமே இருந்தன. தேர்வும் இங்கே வந்தால் மாவட்ட நிர்வாகம் முழுக்க அவர்கள் கைக்குப் போகும் என்பதே சபையின் அச்சம். பேச்சாளர் இதை விளக்காமல் தாண்டிவிட்டால் மனு தவறாகவே புரிந்துகொள்ளப்படும்.

வேலையை ஆகஸ்ட் முதல் வாரமே தொடங்குங்கள். செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், 17 பெரியார் பிறந்த நாள். அந்த வாரத்தில் மைக் செட்டும் பேச்சாளரும் கடைசி நேரத்தில் கிடைக்கமாட்டார்கள்.

அதே 112 அடி நீளத்தில் நீங்கள் எழுதப்போகும் மனுவுக்கு, இன்று உயிரோடிருக்கும் ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். சுடுகாட்டுப் பாதை, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வராத குழாய்த் தண்ணீர், பாதியில் நிற்கும் தெருச்சாலை என்று ஊருக்கு ஊர் மாறும். பத்துக் கோரிக்கை எழுதினால் மனு பத்துத் துறைகளுக்குப் பிரிந்து போகும், எதற்கும் பதில் வராது. சர்வே எண், தெருப்பெயர், எத்தனை வீடுகளுக்குப் பாதிப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பெரிய பிளான் பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடைகளில் 24 அங்குல அகலமுள்ள பிளாட்டர் ரோல் கேளுங்கள். 112 அடி என்பது சுமார் 34 மீட்டர்; 50 மீட்டர் ரோல் ஒன்றே போதும். சார்ட் தாள்களை ஒட்டிச் செய்ய வேண்டாம், சுருட்டிப் பிரிக்கும்போது ஒட்டு விட்டுவிடும். முதல் 4 அடியில் கோரிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மீதி 108 அடியில் 4 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால் 324 பேருக்கு இடம் வரும். அந்த நாளில் 3,412 கையெழுத்து இதே நீளத்தில் அடங்கியது என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நெருக்கி எழுதியிருப்பார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கும்.

கட்டங்கள் நான்கு: பெயர், தெரு, கோரிக்கை பற்றி ஒரு வரி, கையெழுத்து அல்லது கைநாட்டு. கைபேசி எண் கேட்கவே வேண்டாம். சுருள் மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கப் போகிறது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் தொல்லை வரலாம். ஜெல் பேனா இழுசும், பால்பாயிண்ட் போதும். கைநாட்டுக்கு ஸ்டாம்ப் பேடும் துடைக்கத் துணியும் வையுங்கள்.

எல்லாக் கையெழுத்தையும் கூட்டத்தன்றே வாங்க நினைப்பதுதான் பெரும்பாலும் நிகழ்ச்சியைக் கெடுக்கிறது. 6 அடி மேசையில் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் எழுத முடியும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 300 பேருக்கு 100 நிமிடம் ஆகும். அதனால் முந்தின வாரமே சுருளைத் தெருத்தெருவாக எடுத்துப் போங்கள். ஒருவர் பிரிக்க, ஒருவர் சுருட்ட, மூன்றாமவர் கோரிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காமல் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. கடைசி 20 அடியை மட்டும் கூட்டத்துக்கு விட்டுவையுங்கள்.

மண்டபச் சுவரைச் சுற்றி 5 அடி உயரத்தில் நைலான் கயிறு கட்டி, 2 அடிக்கு ஒரு கிளிப் என்று 60 கிளிப் போட்டால் சுருள் நிற்கும். சுவரோர மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள், காற்று கிளிப்போடு தாளைக் கிழிக்கும்.

படம் 2 அடிக்கு 3 அடி இருந்தால் போதும். இணையத்தில் எடுத்த சிறிய படத்தை அப்படியே பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். நீளப் பக்கம் 3,600 பிக்சலாவது இருக்கட்டும். பிறந்த ஆண்டு சில நூல்களில் 1859, சிலவற்றில் 1860 என்று இருக்கிறது. பேனரில் மறைந்த நாளை மட்டும் போட்டால் வாக்குவாதம் வராது.

பேச்சாளர் மூன்று பேர், ஆளுக்கு 12 நிமிடம், தலைப்பைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்கு 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய 'பறையன்' இதழ். அந்தப் பெயரை அழைப்பிதழில் மென்மையாக்க வேண்டாம், அவர் துணிந்து வைத்த பெயர் அது. அடுத்தவருக்கு பொதுச்சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற 1924 சட்டசபைத் தீர்மானம். மூன்றாமவருக்கு அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவர் பங்கேற்றதும், ஒடுக்கப்பட்டோருக்குச் சட்டசபைகளில் தனி இடம் ஒதுக்கிய 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும். தலைப்பு கொடுக்காவிட்டால் மூவரும் லண்டன் கதையையே சொல்வார்கள். 1939-ல் வெளிவந்த அவருடைய தன்வரலாறான 'ஜீவிய சரித்திர சுருக்க'த்திலிருந்து இரண்டு பக்கத்தை ஒரு மாணவியை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பேச்சையும்விட அது நன்றாகக் கேட்கப்படும்.

அடுத்த திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். அங்கே 112 அடிச் சுருளைப் பதிவு செய்யமாட்டார்கள். கோரிக்கையை இரண்டு பக்க மனுவாகத் தனியே எழுதி, சுருளின் புகைப்படப் பிரதிகளை இணைத்துக் கொடுத்து, எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மூலச் சுருளை ஒப்படைக்காதீர்கள். மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மனு எந்த அலுவலரிடம் எந்த நாள் முதல் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வந்த பதிலை அடுத்த ஜூலை 7, அவர் பிறந்த நாள் கூட்டத்தில் முதல் நிகழ்ச்சியாக வாசியுங்கள்.