திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாமா?

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். காலையில் பொங்கல், வடை, கேசரி. மதியம் இலை போட்டு இரண்டு பாயசம். மறுநாள் காலை எடை மெஷினில் ஏறினால் 1.6 கிலோ கூடுதல். இரண்டு மாதம் வாயைக் கட்டி 86-லிருந்து 83-க்கு வந்திருந்தேன். பாதி ஒரே நாளில் திரும்பிவிட்டதே என்று அன்றைக்கே டயட்டை மூட்டை கட்டி வைத்தேன். பாயசம் குடித்ததைத் தவறு என்று இப்போது நினைப்பதில்லை. அந்த எண்ணை அப்படியே நம்பியதுதான் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. 1.6 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் அன்றைய தேவைக்கு மேல் 12,000 கலோரிக்கும் அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அவ்வளவு பரிமாற மாட்டார்கள். பரிமாறினாலும் கை கழுவ எழுந்து போக முடியாது. கூடியதில் பெரும்பங்கு தண்ணீர். சோற்றிலும் இனிப்பிலும் இருக்கும் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகக் கல்லீரலிலும் தசையிலும் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்பளம், ஊறுகாயின் உப்பு தன் பங்குக்கு நீரைத் தேக்கும். குடலில் இருக்கும் சாப்பாட்டின் எடை வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இதில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ சர்ரென்று இறங்குகிறதே, அதிலும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான். அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர்கள்தான் மூன்றாவது வாரம் கால் கிலோ இறங்கும்போது சோர்ந்துபோகிறார்கள். தினமும் எடை பார்ப்பது தப்பில்லை. ஏழு நாள் சராசரியை எடுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோப்பதால், பெண்கள் போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். தையல் டேப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் இடுப்புச் சுற்றளவுக்கு மருத்துவர்கள் சொல்லும் எல்லை. மெஷின் நகராத மாதத்திலும் டேப் நகர்வது உண்டு.

சரி, மூட்டை கட்டிய பிறகு நான் என்ன செய்தேன்? திங்கட்கிழமை மிச்சமிருந்த லட்டு, செவ்வாய் பரோட்டா, புதன் பிரியாணி. 'இந்த வாரம் போச்சு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்.' இதை உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் சக ஆய்வாளரும் கல்லூரி மாணவிகள் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டி வாழ்கிறவர்களோ, மில்க்‌ஷேக் குடித்தபின்தான் அதிகம் சாப்பிட்டார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம்மூரில் சொல்வதேதான். வாரத்துக்கு 21 வேளைச் சாப்பாடு. கல்யாணம் கெடுத்தது ஒன்றோ இரண்டோ. மிச்சத்தைக் கெடுத்தது நான்.

இதன் இன்னொரு முகம், காலண்டரில் 'நாள் 1, நாள் 2' என்று எழுதிக்கொண்டு போய், ஒரு நாள் தவறினால் மறுபடி 1 என்று ஆரம்பிப்பது. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். 23 நாள் நடந்துவிட்டு, மழையால் ஒரு நாள் வாக்கிங் போகவில்லையென்றால், மறுநாள் அது 24-ஆம் நாள்தான். 1 இல்லை.

தண்டனை கொடுத்துக்கொள்வதும் வேலைக்கு ஆகாது. மறுநாள் முழுப் பட்டினி, இரண்டு மடங்கு நடை என்று பழிவாங்கினால், மாலை ஆறு மணிக்கு பஜ்ஜிக்கடை வாசலில்தான் போய் நிற்போம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிப் பட்டினி கிடந்தால், சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடவும் கூடும். தன்னைத் திட்டிக்கொள்வதும் இதே ரகம். 2007-இல் நடந்த ஒரு சோதனையில் பெண்களுக்கு டோனட் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், எல்லோரும் இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொன்னார்கள். டயட்டில் கறாராக இருப்பவர்களில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள்தான் பிறகு வைத்த மிட்டாயைக் குறைவாக எடுத்தார்கள். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவோம் என்று பயந்தே வளர்ந்த நமக்கு இது நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான்.

மூன்று நான்கு மாதம் கழித்து எடை ஒரே இடத்தில் நின்றுவிடும். எனக்கு 79-இல் நின்றது. 'இதுதான் என் உடம்பு' என்று அங்கேயே விட்டுவிடுபவர்கள் அதிகம். 86 கிலோவைச் சுமந்து நடக்க ஆகும் சக்தி 79 கிலோவுக்கு ஆகாது; அப்போது குறைத்துக் காட்டிய அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரியாகிவிட்டிருக்கும். அளவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கும். நான் இட்லியை எண்ணினேன், இட்லிப்பொடியில் ஊற்றிய எண்ணெயை எண்ணவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இதெல்லாம் சரிபார்த்தும் நகரவில்லையென்றால் தைராய்டு, பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், சொந்தக்காரர்கள். எடை குறையாதபோது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குறைந்ததும், "என்னடா இப்படி இளைச்சுட்ட? சுகரா?" என்பார் அத்தை. முயற்சியே இல்லாமல் இளைத்திருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, உடனே டெஸ்ட் எடுக்க வேண்டும். மற்றபடி கலோரிக் கணக்கெல்லாம் அவருக்கு விளக்கப் போகாதீர்கள். நான் போய் மாட்டிக்கொண்டு, அவர் மனம் கோணக்கூடாதே என்று இரண்டு பூரி சேர்த்துச் சாப்பிட்டேன். இப்போதெல்லாம், "டெஸ்ட் பண்ணியாச்சு அத்தை, நார்மல்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கரண்டி சோறு வரும்போது இலைக்கு மேலே கையை நீட்டி மறித்துக்கொள்கிறேன். ரசத்துக்கு மட்டும் கையை எடுப்பேன்.