புது கார் சிக்னலில் நடுங்கினால்

வாங்கி எட்டு மாதம், 6,200 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கியது. மேம்பாலம் ஏறும்போது திக்கித் திக்கிப் போனது. "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாகிடும்" என்றார்கள் சர்வீஸில். ஆகவில்லை.

எப்போது வருகிறது என்று முதலில் குறித்து வையுங்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, ஏசி போட்டாலா, பெட்ரோல் போட்ட மறுநாளா? கடைசி என்றால் பங்க்கை மாற்றிப் பாருங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று தேடுங்கள். எலிக்குப் புது வண்டி, பழைய வண்டி பேதமில்லை. ஏர் ஃபில்டர் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்கும்.

எல்லாம் சரி என்றால் ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினேன். எஞ்சின் விளக்கு எரியாமலே ஒரு பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறின் குறியீடு) இருந்தது: பி0302. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதை அழிக்காதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி இருப்பதால் நான் கை வைக்கவில்லை. மெக்கானிக்கிடம், இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) மூன்றாவதோடு மாற்றிப் போடச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஓட்டியதும் கோடு பி0303 ஆனது. கோளாறு காயிலோடு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். புதுக் காயில் இலவசமாகவே வந்தது. ஜாப் கார்டில் எழுதி வாங்கினேன்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.